மணிக்கட்டும் தோற்காப்பும்

அணிகலன் என்றதும் பொன்னையும் வெள்ளியையும் நினைப்பதே நம்மவர் இயல்பு. தோலை அந்த வரிசையிலே வைத்து எண்ணுவோர் அரியர். ஆயினும் இன்று பதுளைக் கடைத்தெருவில் நடந்து செல்வோர், கைக்கடிகாரங்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியின் ஓரத்திலே பின்னிய தோற்கயிறுகளும் அகன்ற தோற்பட்டிகளும் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைக் கண்டிருப்பர். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து ஊர் திரும்பும் தோட்டத்து இளைஞரிற் பலர் கையிலே இப்பொருள் ஒன்றைக் கட்டிக்கொண்டு வருகின்றனர். பசறை பஸ்ஸிலும் அப்புத்தளைப் புகையிரதத்திலும் கம்பியைப் பற்றி நிற்கும் கைகளை நோக்கினாற் போதும். மூன்றிலொன்று கறுப்பாகவோ கபிலமாகவோ தோல் சுற்றியதாயிருக்கும். அவர்கள் அதனைப் 'பிரேஸ்லட்' என்பர். 'பேண்ட்' என்பாரும் உளர். இக்கட்டுரையில் அதனைத் தோற்காப்பு என்றே குறிப்போம். அப்பெயர் ஏன் தகும் என்பது சிறிது பொறுத்தால் விளங்கும்.

இதனை வெறும் நாகரிகப் பித்து என்று தள்ளிவிடும் பெரியோர் உளர். "கைக்கு வெள்ளிக் காப்புப் போடுவான் என்று பார்த்தால், மாட்டுத் தோலைக் கட்டிக்கிட்டு வந்து நிற்கிறானே" என்று லயத்து வாசலில் ஒரு பாட்டி வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அந்தப் பாட்டியின் சொல்லில் இரண்டு குறைகள் பொதிந்திருக்கின்றன. ஒன்று, காசைக் கரியாக்குகிறான் என்பது. மற்றது, தோல் தாழ்ந்த பொருள் என்பது. முதற் குறைக்கு, நல்லதைத் தேர்ந்து வாங்கும் முறையை அறிந்துகொள்வதே விடை. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அதனையும் தொடாமற் செல்வதற்கில்லை.

முதலிற் பெயரைப் பார்ப்போம். காப்பு என்பது காத்தல் என்ற வினையிற் பிறந்த சொல். நோயினின்றும் கண்ணேற்றினின்றும் காக்கும் என்ற நம்பிக்கையாற் கட்டப்படுவது காப்பு. தோலை முன்கையிற் கட்டிய பழையோர் இந்தப் பொருளை நேராகவே கண்டிருந்தனர். வில்லாளன் அம்பை விடும்போது நாண் திரும்பி வந்து இடது முன்கையிற் சாட்டைபோல் அடிக்கும். அவ்வடியைத் தாங்க அங்கே தோல் கட்டுவர். கோதை என்னும் சொல்லுக்கு மாலை என்றும் பெண் என்றும் மட்டுமே நாம் பொருள் கொள்கிறோம். வில்லாளர் முன்கையிற் கட்டும் தோற்கட்டு என்றும் அகராதிகளிலே அதற்கொரு பொருளுண்டு. வடமொழியில் கோதா என்பது உடும்பு. விசுவாமித்திர முனிவரின் பின்னே காட்டுக்குச் செல்லும் இராமலக்குவரை, உடும்புத் தோலாலான கைக்காப்பும் விரற்காப்பும் பூண்டவராக வான்மீகி காட்டுகின்றார். எனவே 'தோலைக் கையிற் கட்டுவது நம் மரபிலே இல்லை' என்று எவரும் சொல்வாராயின், இராமன் கையை அவருக்குக் காட்டலாம்.

இனி, நம் ஊவாவோடு தொடர்புடைய ஒரு செய்தி. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் நடந்தது. அக்காலத்துக் கடிகாரம் சட்டைப் பையிற் சங்கிலியோடு கிடப்பது. குதிரைமேலிருந்து போர் புரியும் அதிகாரிக்குப் பையைத் துழாவ நேரமேது? ஆகவே அதிகாரிகள் பலர், சட்டைப் பைக் கடிகாரத்தை ஒரு தோற்கிண்ணத்துள் இட்டு, வார் கோத்து, மணிக்கட்டிற் கட்டிக்கொண்டனர். அதுவரை கைக்கடிகாரம் பெண்டிர்க்குரிய நகையென்றே ஐரோப்பாவிற் கருதப்பட்டது. ஆண்மகன் மணிக்கட்டில் தோல் ஏறிய வரலாற்றில் அந்தப் போர் ஒரு திருப்பம். அதே போரிற் சிறைப்பட்ட போயர்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, 1900ஆம் ஆண்டு முதல் நமது தியத்தலாவையில் முகாமிட்டு வைக்கப்பட்டிருந்தனர். தியத்தலாவைப் புல்வெளியைப் புகையிரதத்திலிருந்து பார்க்கும் மாணவர், தம் கையிலுள்ள கடிகாரப் பட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

நிற்க. அதே காலத்தில் வேறொரு பொருளும் தமிழர் உடம்போடு இத்தீவுக்கு வந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது, தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த ஒரு தகரத் துண்டைத் தொழிலாளி கையிற் கொடுப்பார்கள். அத்தகரச் சீட்டே அவனுக்கு வழிச்சீட்டு. அவன் யாருக்கு உரியவன் என்பதற்கு அத்தாட்சியும் அதுவே. வழிச்செலவு அவன் கணக்கிலே கடனாய் ஏறும். தோட்டம் மாறவேண்டுமாயின், அக்கடனைக் குறித்துத் தரும் 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் விலக்கப்பட்டது. பாட்டன் உடம்போடு வந்த அடையாளம் பிறர் தந்தது, எண் இட்டது, கடனுக்கு ஈடானது. பேரன் மணிக்கட்டில் உள்ளதோ அவனே கடையிற் பார்த்து, விலை பேசி, இது வேண்டும் இது வேண்டா என்று தள்ளி எடுத்தது. இந்த வேற்றுமையை எண்ணிப் பார்ப்பவர்க்கு, ஓர் இளைஞன் தன் கைக்குரியதைத் தானே தேர்வது அற்பச் செயலாகத் தோன்றாது. தேர்வதை நன்றாகத் தேரவேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

தோற்காப்பில் முதன்மையானது அளவு. அழகு அதற்குப் பின்னரே. பெரும்பாலோர் கடையிற் கட்டிப் பார்த்து, கையை ஒருமுறை உயர்த்தித் தாழ்த்தி, 'சரி' என்று வாங்கிவிடுகின்றனர். ஒரு வாரத்தில் அது முழங்கை நோக்கி ஏறுவதும் புறங்கைக்கு இறங்குவதுமாய் ஊசலாடும். அன்றேல் சதையிற் புதைந்து சிவந்த தழும்பை உண்டாக்கும். அளக்கும் முறை மிக எளிது. ஒரு துண்டுத் தாளையோ நூலையோ எடுத்து, முன்கையின் சுண்டுவிரற் பக்கம் புடைத்து நிற்கும் எலும்புக்கு மேலே, அதாவது முழங்கைப் பக்கமாக, இறுக்காமலும் தளர்த்தாமலும் ஒரு சுற்றுச் சுற்றி, சேருமிடத்திற் குறியிட்டு அளவுகோலில் வைத்துப் பார்க்கவேண்டும். வளர்ந்த ஆடவர் பலருக்கு இது 16 சென்ரிமீற்றருக்கும் 19 சென்ரிமீற்றருக்கும் இடையில் அமையும். அளப்பதை மாலையிற் செய்வது நன்று. காலைக் குளிரில், அதிலும் அப்புத்தளை, பண்டாரவளைக் குளிரில், கை சற்று ஒடுங்கியிருக்கும். வேலை முடிந்த மாலையில் சற்றுப் பருத்திருக்கும். காலை அளவை நம்பி வாங்கியவன் மாலையில் கொக்கியைக் கழற்றிப் பையிற் போட்டுக்கொள்வான்.

அந்தச் சுற்றளவோடு எவ்வளவு கூட்டுவது? ஒட்டி நிற்கவேண்டுமாயின் ஒரு சென்ரிமீற்றர். சற்றே அசையவேண்டுமாயின் ஒன்றரை முதல் இரண்டு. கட்டிய பின் சுட்டுவிரல் ஒன்று நுழைந்தால் ஒட்டிய அளவு. இரு விரல் நுழைந்தால் தளர்ந்த அளவு. மூன்று நுழைந்தால் அது இன்னொருவருடையது.

இங்கே கணித ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக்காட்டத் தக்க ஒரு நுட்பம் உண்டு. தோலை மேசையில் நீட்டி அளந்தால் வரும் நீளமும், வளைத்தபின் அதன் உட்புறம் தரும் சுற்றளவும் ஒன்றல்ல. வளைக்கும்போது வெளிப்புறம் விரியும், உட்புறம் சுருங்கும்; தோலின் நடுப்படலமே தன் நீளத்தைக் காக்கும். ஆகவே நீட்டி அளந்த நீளத்திலிருந்து, தடிப்பைப் போல் ஏறக்குறைய 3.14 மடங்கைக் கழித்தாலே உட்சுற்றளவு கிட்டும். 2 மில்லிமீற்றர் தடித்த மெல்லிய பட்டியாயின் இழப்பு 6 மில்லிமீற்றர்தான். 4 மில்லிமீற்றர் தடித்த முரட்டுப் பட்டியாயின் 12 மில்லிமீற்றருக்கு மேலாகும். 17 சென்ரிமீற்றர்க் கைக்கு, ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியோடு அணிய, 4 மில்லிமீற்றர்ப் பட்டி வேண்டுமெனில் 19¼ சென்ரிமீற்றர் வேண்டும். 'பதினெட்டு' என்று அட்டையிற் கண்டதும் வாங்கியவர்கள், பட்டி எட்டவில்லையென்று கடைக்காரரோடு பிணங்குவது இந்த வட்டக் கணக்கை மறந்ததனால்தான். பின்னிய உருண்டைக் கயிறுகளில் இவ்விழப்பு இன்னும் மிகுதி. அதற்கு மாறாக, புதிய தோல் சில வாரங்களில் சற்று நீளும். எனவே துளைகள் உள்ள பட்டியில் இன்று நடுத்துளை பொருந்தவேண்டும். நாளைக்கு இறுக்க ஒரு துளை மிஞ்சவேண்டும்.

அகலமும் கையைப் பொறுத்ததே. மெலிந்த மணிக்கட்டில் இரண்டு விரல் அகலமுள்ள பட்டியைக் கட்டினால் காயத்துக்குக் கட்டிய கட்டுப்போல் தோன்றும். அத்தகையோர்க்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒற்றை வாரோ, மெல்லிய பின்னலோ அழகு தரும். கவ்வாத்துக் கத்தி பிடித்துத் திரண்ட முன்கைக்கு அந்த மெல்லிய வார் எடுபடாது. ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் அகலம் அங்கே தகும். பதினாறு வயதுப் பையன் தன் அண்ணனின் பட்டியை ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்வதும், அது அவன் கையில் வளையம்போல் சுழல்வதும் நாம் அன்றாடம் காண்பவை. இதற்கு அண்ணன்மார் வைத்துள்ள எளிய மருந்து தம்பிக்கென்று தனியே ஒன்று வாங்கிக் கொடுப்பதாம்.

அடுத்து, தோல்தானா என்று அறிவது. கண்ணாடிப் பெட்டியில் தொங்குபவற்றிற் பாதி தோலே அல்ல. துணிமேல் நெகிழிப் பூச்சுப் பூசிய ரெக்சின். வேறு சில, தோற்கழிவைத் தூளாக்கிப் பசையிட்டு அழுத்திய தகடு. அவையும் 'அசல் லெதர்' என்று அச்சிட்ட அட்டையோடுதான் வருகின்றன. அட்டையைப் பார்க்கவேண்டா, ஓரத்தைப் பாருங்கள். வெட்டிய ஓரத்திலே பஞ்சுபோன்ற நார்கள் பின்னிக் கிடந்தால் தோல். அடுக்கடுக்காய், நடுவே துணியிழை தெரிந்தால் ரெக்சின். பின்னர் வளைத்துப் பாருங்கள். மெய்த்தோலில் நுண்ணிய, ஒழுங்கற்ற சுருக்கங்கள் விழுந்து மறையும். மேற்பரப்பில் மயிர்க்கால்களின் புள்ளிகள் தெரியும். ஆட்டுத்தோலில் அவை கூட்டங் கூட்டமாயும், மாட்டுத்தோலில் ஒரே சீராயும் இருக்கும். எங்கும் ஒரே அச்சாய்த் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகள் உருளை பதித்தவை.

தோலாயினும் அது எவ்வாறு பதனிடப்பட்டது என்பதிலேயே அதன் ஆயுளும் அழகும் அடங்கியிருக்கின்றன. பச்சைத் தோல் அழுகும். அதனைத் துவர்ச்சத்தில் ஊறவைத்தால், அச்சத்துத் தோலின் நாரோடு பிணைந்து அழுகாமற் காக்கும். தமிழகத்திலே இதற்கு உதவிய பொருள் ஆவாரம்பட்டை. மடலேறும் தலைவன் பனைமடற் குதிரைக்குச் சூட்டிய மாலையில் ஆவிரம்பூ இருந்ததெனச் சங்கப் பாடல்கள் கூறும்; அதே செடியின் பட்டை தோற்கூடத் தொட்டியிற் கிடந்து ஊறியது. நம் தீவிலும் வறண்ட நிலப் பகுதிகளில் அது மஞ்சளாகப் பூக்கிறது. சிங்கள மக்கள் அதனை ரணவரா என்பர். பூவைக் காய்ச்சிப் பருகுவர். ஆவாரம்பட்டையாற் பதனிட்டு, கடுக்காயால் முடித்த மதராஸ் மாகாணத் தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரோடு இலண்டன் சந்தையிற் பேர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரட் சாட்டர்ட்டன் என்பாரின் முயற்சியால் மதராசுக்குக் குரோம உப்பிட்டுப் பதனிடும் முறை வந்தது. சென்னைக்குத் தெற்கே குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அத்தொழில் நடத்திய கம்பெனி ஒன்றால் ஏற்பட்டதாகும். குரோமத்தோல் விரைவில் ஆகும், மெல்லியது, நீருக்கு அஞ்சாது. ஆனால் அக்கழிவு பாலாற்றங்கரையை என்ன செய்தது என்பதை ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை மக்கள் அறிவர். 1996ஆம் ஆண்டு இந்திய உயர்நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றமே அதுபற்றித் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

மணிக்கட்டுக்கு எது சிறந்தது எனக் கேட்டால், பட்டையாற் பதனிட்ட தோல் என்பதே நம் கருத்து. முதலில் விறைப்பாயிருக்கும், வெளிறிய பழுப்பாயிருக்கும். வெயிலும் கையின் எண்ணெயும் பட்டு ஓராண்டில் தேன் நிறமாகும். பின் இரண்டாம் நீர்த் தேயிலைச் சாயம்போல் ஆழும். அணிந்தவன் கையின் வளைவை அது கற்றுக்கொள்ளும். குரோமத்தோல் பத்தாண்டாயினும் வாங்கிய நாளின் முகத்தோடே இருந்து, ஒருநாள் உரியத் தொடங்கும்.

தேயிலையைச் சொன்னோம். இவ்வுவமை வெறும் ஒப்பனைக்காக அன்று. நாவிலே தேயிலை துவர்ப்பது ஏன்? அதிலுள்ள துவர்ச்சத்து உமிழ்நீரின் புரதத்தோடு பிணைவதனால். தோல் பதமாவதும் அதே வழியில்தான். கொழுந்தெடுக்கும் பெண்களின் விரல் நுனிகளிலே கறுத்து ஏறி, சவர்க்காரத்துக்கும் அசையாத அந்தக் கறையைப் பாருங்கள். கடையில் நாம் விலை கொடுத்து வாங்கும் நிறத்தை, நம் தாய்மார் விலையின்றித் தம் விரல்களிற் பெற்று வருகின்றனர்.

இதிலிருந்து தோட்டத்து ஆடவர்க்கு ஒரு பயனுள்ள எச்சரிக்கை பிறக்கிறது. துவர்ச்சத்தும் இரும்பும் ஈரத்திற் சந்தித்தால் கருநீலக் கறை உண்டாகும். பழைய எழுத்து மையே அவ்வாறு செய்யப்பட்டதுதான். மழை நாளில் கவ்வாத்துக் கத்தியோ மண்வெட்டியோ பிடித்த கையில் பட்டையாற் பதனிட்ட காப்பிருந்தால், இரும்பு உரசிய இடமெல்லாம் கறுப்புப் புள்ளியாகும். உடனே எலுமிச்சஞ் சாற்றைத் துணியில் தோய்த்து ஒற்றினால் ஓரளவு மங்கும். கொக்கியும் இரும்பாயிருத்தல் ஆகாது. பித்தளையோ, துருவேறாத உருக்கோ நன்று. மலிவான நிக்கல் பூச்சுச் சிலர் தோலில் அரிப்பை உண்டாக்கும். கொக்கி படும் இடத்தில் வட்டமாய்ச் சிவந்தால், குற்றம் தோலினுடையதன்று, உலோகத்தினுடையது. காந்தக் கொக்கி பார்வைக்கு நேர்த்தி. கூட்டமான பஸ்ஸில் ஓர் இழுப்பில் அது விடைபெற்றுவிடும்.

தொழிற்சாலையில், நம்மவர் சொல்வழக்கில் 'ஸ்டோரில்', வேலை செய்வோர் இதனை அறவே கழற்றிவிடவேண்டும். கொழுந்தை உருட்டும் பொறியருகே, சுழலும் பட்டையருகே, கையிற் கட்டிய எதுவும் ஆபத்து. நல்ல தோல் அறாது என்பதே அங்கே அதன் குற்றம். பொறி இழுத்தால் அது கையை விட்டுக்கொடாமற் கையையும் உடன் இழுக்கும்.

பொருத்தம் என்பது கையோடு மட்டும் முடிவதில்லை. செருப்பும் இடுப்புப் பட்டியும் கறுப்பாயிருக்கக் கையிலே செங்கபிலம் பளிச்சிடுமாயின் கண் இடறும். கடிகாரம் வெள்ளி நிறமெனில் காப்பின் கொக்கியும் அவ்வாறே இருத்தல் இசைவு. ஒரே மணிக்கட்டிற் கடிகாரமும் காப்பும் உரசிக் கிடப்பதைவிட, எதிர்க்கையில் அணிவது இரண்டுக்கும் நலம். வேட்டி கட்டிய நாளில் மெல்லிய கறுப்பு வார் ஒன்று உறுத்தாது. ஆணி பதித்து, மண்டையோடு பொறித்த அகன்ற பட்டியோ திருமண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனை நாடக வில்லனாக்கிவிடும். பள்ளிச் சீருடையோடு எதுவும் வேண்டா என்பதில் ஆசிரியர்களோடு நமக்கு வழக்கில்லை.

நம் மலையகத்தில் ஆடவன் மணிக்கட்டு வெறுமையாய் இருப்பது அரிது என்பதையும் கருதவேண்டும். திருமணத்திலே மணமகனுக்கு வலக்கையிற் காப்பு. மாசியிற் காமன் கூத்தாடுவோர்க்குக் காப்பு. கதிர்காம யாத்திரையிற் கட்டிய மஞ்சட் கயிறு. அயல்வீட்டுச் சிங்கள நண்பரோடு முத்தியங்கனை விகாரைக்குப் போய்வந்தால் வெள்ளைப் பிரித் நூல். இவையெல்லாம் பெரும்பாலும் வலக்கைக்குரியவை. ஈர மஞ்சள் தோலிற் பட்டால் நீங்காத கறையாகும். தோலின் சாயம் வெள்ளை நூலில் ஏறினால் அதுவும் அழகன்று. எனவே நூலுக்கு வலக்கை, தோலுக்கு இடக்கை என்று வைத்துக்கொண்டால் சண்டையில்லை.

கோயிலுக்குள் தோல் ஆகாது என்பாரின் சொல்லுக்கு மதிப்பளித்து வாசலிலே கழற்றிவிடுவது நல்லொழுக்கமே. செருப்பைக் கழற்றுகிறோம், சிலர் இடுப்புப் பட்டியையும் கழற்றுகின்றனர். ஆனால் ஒன்று கேட்கலாம். உள்ளே சுவாமி எழுந்தருளும்போது ஒலிக்கும் தவில் எதனால் ஆனது? மிருதங்கத்தின் முகம் எது? தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்று வகுத்த நம் முன்னோர் தோலை முதலில் வைத்தே எண்ணினர். தோல் தீட்டு என்ற எண்ணம் தோலைப் பற்றியது அன்று. தோலைத் தொட்டுத் தொழில் செய்த மனிதரைப் பற்றியது. கடல் கடந்து வந்த நம்மவர், ஒரே லயத்தில், ஒரே பீலியடியில், ஒரே பிரட்டுக்களத்தில் நின்றபோதும், தப்படிப்பவனைத் தள்ளி நிறுத்தும் பழக்கத்தையும் மூட்டையிற் கட்டியே வந்தனர். அவன் தப்பொலி இல்லாமற் காமன் எரிவதில்லை, திருவிழா எழுவதில்லை, சாவு வீட்டிற் பாடை நகர்வதில்லை. இருந்தும் அவன் கை தாழ்ந்த கை எனப்பட்டது. இன்று எல்லாப் பிரிவிலும் உள்ள இளைஞர் காசு கொடுத்துத் தோலை வாங்கித் தம் கையிற் கட்டிக்கொள்கின்றனர். இதனை அவர்கள் கொள்கையாற் செய்யவில்லை, அழகுக்காகச் செய்கின்றனர். ஆயினும் பாட்டி முகஞ்சுளிப்பதற்கு உண்மைக் காரணம் விலை அன்று என்பதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அதனாலேயே, கண்ணாடிப் பெட்டியைக் காட்டிலும் சிறந்த இடம் ஒன்றைச் சொல்லத் துணிகிறோம். நகரத்துக் கடையோரத்திலே குடையின் கீழ் அமர்ந்து செருப்புத் தைக்கும் கைவினைஞரிடம் போங்கள். அவரிடம் சப்பாத்துக்கு வெட்டி மிஞ்சிய நல்ல தோல் இருக்கும். கத்தி, குத்தூசி, துளையிடும் உளி எல்லாம் இருக்கும். அங்கே நிகழும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறிருக்கும்:

"அண்ணே, கைக்கு ஒரு பட்டி வெட்டித் தர முடியுமா?"

"கையை நீட்டுங்க தம்பி. இந்தக் கையா, அந்தக் கையா?"

"இடது கை. கொஞ்சம் லூசா இருக்கட்டும்."

"லூசா வேணாம் தம்பி. தோலு தானா லூசாகும். இப்ப ஒரு விரல் போற மாதிரி வைக்கிறேன். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, இன்னொரு ஓட்டை போட்டுத் தாறேன்."

நூலை எடுத்து மணிக்கட்டைச் சுற்றுவார். தடிப்பைப் பெருவிரலால் நெருடிப் பார்த்து, வட்டக் கணக்கு எதுவும் எழுதாமலே சரியான இடத்தில் வெட்டுவார். ஓரத்தை மழித்து, நீர் தொட்டு, கட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்குவார். ஓரம் மழிக்காத பட்டி கையை அறுக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். இவர் சொல்லாமலே செய்வார். அளவெடுக்கும்போது அவர் கை உங்கள் கையைப் பிடித்திருக்கும். கையை நீட்டுகிறவன் முகத்தை அவர் ஒருகணம் பார்ப்பார். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசவேண்டா. ஒரு நாட் பேருக்கு என்ன கூலி என்பதை அறிந்த நாம், மற்றொருவர் நாட்கூலியையும் அறிந்தவராய் நடப்பதே முறை.

வாங்கியதைப் பேணுவதில் ஊவாவின் வானிலை நமக்கு இரட்டைச் சோதனை வைக்கிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை மலையிறங்கி வீசும் கச்சான் காற்று, தேயிலைக்கு உலகப் பேர் வாங்கித் தரும் அந்த மணத்தை அளிக்கும். அதே காற்று தோலின் எண்ணெயை உறிஞ்சி வெடிக்கவைக்கும். ஒக்டோபர் தொடங்கிப் பெய்யும் மழையோ பெட்டிக்குள் கிடக்கும் தோலிலே பூஞ்சணம் பூக்கச் செய்யும். காற்றுக் காலத்தில் மாதமொருமுறை ஒரு துளி ஆமணக்கெண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, ஓர் இரவு விட்டுத் துடைக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டா. அது ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைவது. பதுளையிற் பகலில் உருகி நிற்பது பண்டாரவளைக் காலையில் வெள்ளையாய்த் திரளும். அதனைப் பூஞ்சணமென்று மயங்கி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் காப்பைக் கெடுத்தவர் உண்டு. மழைக் காலத்தில் பெட்டியிற் பூட்டாமற் காற்றுப் படும் ஆணியில் தொங்கவிடுவது போதும்.

நனைந்துவிட்டால் என் செய்வது? துணியால் ஒற்றி, கையின் வடிவுக்கு வளைத்து, நிழலில் வைக்கவேண்டும். அடுப்பங்கரையில் மட்டும் தொங்கவிடற்க. காமன் கூத்துக்கு முன் தப்புக்காரர் வைக்கோலைக் கொளுத்தி, தப்பை அனலில் காட்டிக் காட்டி விரலால் தட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ஈரம் போய்த் தோல் இறுகி, சுருதி ஏறும்வரை அவர் காய்ச்சுவார். அங்கே அந்த இறுக்கம் வேண்டும். மணிக்கட்டுக்கு உரிய பட்டியை அவ்வாறு காய்ச்சினால் ஒரு துளை அளவு சுருங்கி, மரப்பட்டைபோல் விறைத்து நிற்கும். பிறகு எந்த எண்ணெய்க்கும் இளகாது.